குசினிப் பைப்புக்கு மூன்று வாஷர் போட்டாச்சு, இன்னும் சொட்டுது

கொக்குவில்காரி | சனி, இரவு 9.40

வணக்கம். பைப் என்று நான் சொல்வது சுவரில் இருந்து நீட்டிக்கொண்டு நிற்கிற, திருகித் திறக்கிற அந்தச் சாமானைத்தான். வெளிநாட்டில் இருந்து வாசிக்கிற ஆட்கள் பிறகு "குழாயா, பைப்பா" என்று சண்டைக்கு வரவேண்டாம்.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில். கிணற்றில் இருந்து மோட்டர் போட்டுத் தாங்கிக்கு ஏற்றுகிறோம், தாங்கியில் இருந்து குசினிக்கும் குளியலறைக்கும் வருகிறது. குசினியில் இருப்பது பழைய பித்தளைப் பைப். மேலே வெள்ளிப் பூச்சு, நாலு காது வைத்த கைபிடி. 2004 இல் வீடு திருத்தினபோது அப்பாவே நின்று பூட்டுவித்தது. இத்தனை வருடமும் ஒரு முறைப்பாடு இல்லை. போன ஐப்பசி மழையோடு சொட்டத் தொடங்கினது.

முதலில் கைபிடியை இறுக்கிப் பார்த்தேன். இரண்டு நாள் நின்றது. பிறகு இன்னும் இறுக்க வேண்டி வந்தது. கடைசியில் ஈரக் கையால் பூட்ட முடியாமல் துணி சுற்றிப் பிடித்துத் திருகுகிற நிலைமை. குசினிக்குப் பக்கத்து அறையில்தான் அப்பா படுக்கிறவர். வயது 78. இரவில் சிங்கில் விழுகிற ஒவ்வொரு சொட்டையும் எண்ணிக்கொண்டு கிடப்பார் போல. ஒரு நாள் விடிய எழும்பிப் பார்த்தால், பழைய சாரத்தில் ஒரு கீலம் கிழித்துப் பைப்பின் வாயில் கட்டி, நுனியைச் சிங்கின் ஓட்டைக்குள் விட்டிருக்கிறார். தண்ணீர் துணி வழியே சத்தமில்லாமல் இறங்குது. சத்தம் நின்றால் வருத்தம் நின்ற மாதிரி.

ஒழுகுவது எவ்வளவு என்று ஒரு இரவு அளந்தேன். பத்து மணிக்கு வாளி வைத்துக் காலை ஆறு மணிக்குப் பார்த்தால் 3 லீற்றர். அப்படியென்றால் நாளுக்கு 9, மாதத்துக்கு 270. எங்கள் தாங்கி 1000 லீற்றர். மாதம் கால் தாங்கிக்கு மேல் சும்மா போகிறது.

பிளம்பருக்கு அடித்தேன். "நாளைக்கு வாறன்" என்றவர். அந்த நாளை இன்னும் வரவில்லை. கனடாவில் இருக்கிற அண்ணா, "புதுசு ஒண்டு வாங்கிப் பூட்டு, காசு அனுப்புறன்" என்கிறார். பைப்புக்கு டொலர் தேவையில்லை, ஆள்தான் தேவை என்று சொல்லி வைத்துவிட்டேன். சரி, நாங்களே பார்ப்போம் என்று இறங்கினோம்.

முதல் வாஷர், அதாவது பைப்புக்குள் தண்ணீரை அடைக்கிற ரப்பர் வட்டம், அப்பாவின் கண்டுபிடிப்பு. பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு வட்டம் வெட்டினார். பதினொரு நாள் நின்றது. இரண்டாவது கடை வாஷர். கடைப் பெடியன் "அரை இஞ்சியா, முக்கால் இஞ்சியா" என்று அங்குலக் கணக்குக் கேட்க, எனக்குத் தெரியாமல் முழிக்க, அவனே பைப்பின் படத்தைப் பார்த்து அரை இஞ்சி தந்தான். ஒரு மாதம் ஓடினது. மூன்றாவது கொஞ்சம் கடினமான கறுப்பு வாஷர். மூன்று கிழமை. இப்போது பழையபடி.

வாஷர் மாற்றினால் சரிவரும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் சரிவரவில்லை? நான் எதை விடுகிறேன்? புதுப் பைப் வாங்க மனமில்லை. கடையில் இருப்பவற்றைக் கையில் எடுத்தால் பிஸ்கற் ரின் மூடி மாதிரி இருக்குது. இது கையில் பாரமாக நிற்கிற சாமான்.


சும்மா ஒருவன் | சனி, இரவு 10.05

அக்கா, கிணத்துத் தண்ணிதானே. ஒழுகினாலும் திரும்ப நிலத்துக்குள்ளதான் போகுது. நித்திரை கொள்ளுங்கோ. இல்லையெண்டால் பிளாஸ்ரிக் பைப் ஒண்டு வாங்கி மாட்டுங்கோ, அரை மணித்தியால வேலை.


கொக்குவில்காரி | சனி, இரவு 10.20

தம்பி, சிங்கில் விழுகிற தண்ணீர் நேராகக் கிணற்றுக்குத் திரும்பிப் போவதில்லை, சவர்க்காரத்தோடும் மீன் கழுவின தண்ணீரோடும் கழிவுக் குழிக்குப் போகுது. அதை மேலே ஏற்றின மோட்டருக்குக் கரண்ட் பில் நான்தான் கட்டுகிறேன். நித்திரை விஷயத்தை அப்பாவிடம் கதைத்துப் பாருங்கோ.


பழைய பிற்றர் | ஞாயிறு, காலை 6.15

பிள்ளை, நீங்கள் விட்ட இடம் வாஷர் இல்லை. வாஷர் போய் உட்காருகிற இடம்.

பைப்பின் தலையைக் கழற்றினால் உள்ளே கீழே ஒரு வட்ட ஓட்டை தெரியும். அதன் விளிம்பு வளையம் மாதிரிக் கொஞ்சம் எழும்பி நிற்கும். அதைத்தான் நாங்கள் சீற் என்று சொல்வது. வாஷர் மெத்தை என்றால் சீற் கட்டில். கட்டில் கோணலாக இருந்தால் எத்தனை மெத்தை மாற்றினாலும் முதுகு நோகத்தான் செய்யும்.

முதலில் ஒரு சோதனை. கழற்றின பழைய வாஷரை எறிந்துவிட்டீர்களா? எறியவில்லையென்றால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கோ. சீற் நல்லதென்றால் வாஷரில் சுற்றிவர ஒரே ஆழத்தில் வளையம் பதிந்திருக்கும். ஒரு பக்கம் ஆழமாக, ஒரு பக்கம் லேசாக, அல்லது ஓரிடத்தில் நகத்தால் கீறின மாதிரி வெட்டு இருந்தால் சீற்றில்தான் பிழை.

ஏன் பிழை வருகிறது என்று கேட்டால், எங்கள் தண்ணீர். நான் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் பிற்றராக வேலை செய்தவன். 1990 இல் அது நின்றது, அதோடு என்னுடைய வேலையும் நின்றது. அங்கே நாங்கள் தோண்டி எடுத்துச் சூளையில் போட்ட சுண்ணக்கல்தான் எங்கள் வலிகாமப் பகுதி முழுக்க நிலத்துக்கு அடியில் கிடக்கிறது. மழைத்தண்ணீர் அதற்குள்ளால் இறங்கிக் கல்லைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. பிறகு கேத்தலில் கொதிக்கும்போதும், பைப்பின் வாயில் சொட்டாக நின்று காயும்போதும், கரைந்த கல் திரும்பக் கல்லாகிறது. உங்கள் கேத்தலின் அடியைப் பாருங்கோ. அங்கே இருக்கிற வெள்ளைதான் பைப்புக்குள் சீற்றின் மேலும் இருக்கும்.

கல் படிந்த இடத்தில் வாஷர் முழுக்கப் பொருந்தாது. மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், தண்ணீர் அதற்குள்ளால் சீறிப் பாய்ந்து பாய்ந்து பித்தளையிலேயே வாய்க்கால் வெட்டிவிடும். நீங்கள் ஒவ்வொரு நாளும் இறுக்கினது இன்னும் மோசம். கல்லின் கூர்மை வாஷருக்குள் இறங்கி அதை வெட்டியிருக்கும். உண்மையில் அவ்வளவு பலம் தேவையே இல்லை. தாங்கி நிலத்தில் இருந்து 20 அடி என்றால் ஆறு மீற்றர். பத்து மீற்றர் உயரத்துக்குத்தான் ஒரு 'பார்' அளவு அமுக்கம். உங்கள் பைப்புக்கு வருவது அரைக்குக் கொஞ்சம் மேல். இரண்டு விரலால் பூட்டினால் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் உள்ளே ஏதோ பிழை என்று எடுங்கோ, பலத்தைக் கூட்டாதையுங்கோ.

இனி வேலை. தாங்கிக்குக் கீழே தண்ணீரை நிறுத்துகிற கேற் வால்வ் இருக்கும். அதைப் பூட்டிவிட்டுக் குசினிப் பைப்பைத் திறந்து தண்ணீர் வடியவிடுங்கோ. பழைய கேற் வால்வ் என்றால் பூட்டினாலும் கொஞ்சம் கசியும், பரவாயில்லை. கைபிடியின் நடுவில் சின்ன மூடி, அதற்குக் கீழே ஒரு ஸ்குரூ. கைபிடி வந்த பிறகு அறுகோண நட் மாதிரி ஒரு தலை. அதை ஸ்பனரால் இடப்பக்கம் திருப்பிக் கழற்ற வேண்டும். இங்கேதான் கவனம். ஸ்பனரைத் திருப்பும்போது பைப்பின் உடலை மற்ற ஆள் பைப் ரெஞ்சால் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் முழுப் பைப்பும் சுற்றிச் சுவருக்குள் இருக்கிற பி.வி.சி. எல்போ, அந்த வளைவு மூட்டு, வெடிக்கும்.

தலை வெளியே வந்ததும், வாஷர் பூட்டிய சின்னப் பித்தளைத் துண்டு சிலவேளை அதோடு வரும், சிலவேளை கீழே சீற்றிலேயே குந்திக்கொண்டிருக்கும். குறட்டால் தூக்கி எடுங்கோ. இப்போது ரோர்ச் அடித்துச் சீற்றைப் பாருங்கோ. பார்ப்பது மட்டும் காணாது, சுண்டுவிரலைவிட்டுச் சுற்றித் தடவுங்கோ. கண்ணுக்குத் தெரியாததை விரல் சொல்லும்.

வெள்ளையாகக் கல் இருந்தால் வினாகிரியில் பஞ்சை நனைத்து அதன் மேல் அமுக்கி வையுங்கோ. சின்னச் சின்னக் குமிழி வரும். அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம். தேசிக்காயும் வேலை செய்யும், ஆனால் நேரம் எடுக்கும், தேசிக்காய் விற்கிற விலைக்கு அது சொதிக்குத்தான் போகவேண்டும். ரொயிலற் கழுவுகிற அசிற்றை மட்டும் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். கல்லோடு பூச்சையும் பித்தளையையும் சேர்த்துத் தின்னும்.

கல் போன பிறகும் விரலில் கீறல் தட்டுப்பட்டால், பென்சிலின் தட்டையான பின்பக்கத்தில் மெல்லிய சான்ட் பேப்பர் ஒரு வட்டம் ஒட்டி, நேராகப் பிடித்து, மெதுவாகச் சுற்றுங்கோ. சரிக்க வேண்டாம், சரித்தால் புதுக் கோணல் வரும். வாய்க்கால் ஆழமென்றால் இது காணாது. சீற்றை வழித்தெடுக்கிற ஆயுதம் ஒன்று உண்டு, பழைய பிளம்பர்மாரிடம் இருக்கும்.

முடிந்ததும் தலையைப் பூட்ட முதல் கேற் வால்வை ஒரு கணம் திறந்து பூட்டுங்கோ, உள்ளே கிடக்கிற தூள் வெளியே வரட்டும். தலையைத் திரும்ப மாட்டும்போது கைபிடியைத் திறந்த நிலையில் வைத்துத்தான் இறுக்க வேண்டும். பூட்டிய நிலையில் இறுக்கினால் புது வாஷர் முதல் நாளே நசிந்துபோகும். மூன்று தடவையும் நீங்கள் எப்படிப் பூட்டினீர்கள் என்று நான் கேட்கவில்லை.


எல்போ உடைத்தவன் | ஞாயிறு, காலை 8.30

பிற்றர் ஐயா எல்போ பற்றிச் சொன்ன இடத்தை எல்லாரும் இரண்டு தரம் வாசியுங்கோ. நான் அந்த ஆள்தான்.

போன வருடம் ஞாயிற்றுக்கிழமை, இதே வேலை. ஒரு கையால் பைப்பைப் பிடித்து மறு கையால் ஸ்பனரை இழுத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான், முறுக்கு உடைகிற அளவு. பைப் கையோடு வந்துவிட்டது, எல்போவின் பாதி அதன் புரியிலேயே இருக்குது, மற்றப் பாதி சுவருக்குள். எங்கள் வீட்டில் கேற் வால்வ் இல்லை. வீடு கட்டினவருக்குத் தோன்றவில்லை, எனக்கும் பார்க்கத் தோன்றவில்லை. காலையில்தான் தாங்கி நிரப்பியிருந்தேன். பெருவிரலால் ஓட்டையைப் பொத்திக்கொண்டு மனுசியைக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்த்துவிட்டு முதலில் செய்தது அரிசி மூட்டையைத் தூக்கி மேசையில் வைத்ததுதான். சரியான முடிவு. 1000 லீற்றரும் குசினி, விறாந்தை, முற்றம் என்று போய்ச் சேர்ந்தது. பிறகு மாபிள் உடைத்து, சுவர் வெட்டி, புது எல்போ ஒட்டி... வாஷரின் விலை 40 ரூபா. மேசனுக்குக் கொடுத்ததை இங்கே எழுதினால் மனுசி வாசிப்பாள்.

ஆகவே கழற்ற முதல் கேற் வால்வ் இருக்குதா, அது உண்மையில் பூட்டுதா என்று பாருங்கோ. குழாய்த்தண்ணீர் இணைப்பு எடுத்த வீடுகளில் மீற்றருக்குப் பக்கத்தில் ஒரு வால்வ் இருக்கும், அதைப் பூட்டலாம். அவர்களுக்கு இன்னொரு வசதி: எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு மீற்றர் சுற்றுதா என்று பார்த்தால் வீட்டில் எங்காவது ஒழுகுதா என்று அதுவே சொல்லும்.


மோட்டர்ச் சத்தம் | ஞாயிறு, காலை 9.10

எங்கள் வீட்டில் எல்லாம் கால் சுற்றுப் பைப். கைபிடியைக் கால் வட்டம் திருப்பினால் முழுக்கத் திறக்கும். அதற்குள் இந்த வாஷர் கிடையாது, இரண்டு செரமிக் தட்டு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். சுகம்தான், ஆனால் எங்கள் தண்ணீருக்கு அதுவும் தப்பாது. தாங்கியின் அடியில் கிடக்கிற மணல் ஒரு பருக்கை போனால் தட்டில் கீறல் விழும். பிறகு உள்சாமானை முழுதாகத்தான் மாற்ற வேண்டும். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கோ. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், கைபிடி மாட்டுகிற பல் சிலதில் 20, சிலதில் 24. நான் எண்ணாமல் வாங்கி இரண்டு தரம் எங்கள் யாழ்ப்பாணத் திருநெல்வேலிக்குச் சைக்கிள் உழக்கினேன்.

தாங்கியை வருடத்துக்கு ஒருக்காலாவது கழுவுங்கோ. என்ன பைப் என்றாலும் சரி.


மழைக்கால அக்கா | ஞாயிறு, மதியம் 12.45

தங்கச்சி, இரவில் வாளி வைத்து அளந்தது நல்லது. ஆனால் ஒழுகுகிற பைப்புக்குக் கீழே நிரந்தரமாக வாளி வைத்துவிட்டு மறந்துபோகிற ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் கிணற்றடிப் பைப் அப்படித்தான் கிடந்தது. பீ.எச்.ஐ. (சுகாதாரப் பரிசோதகர்) வந்து வாளியைச் சரித்துப் பார்த்தால் உள்ளே புழு நெளியுது. டெங்கு நுளம்புக்கு ஊத்தைத் தண்ணீர் தேவையில்லை, இப்படி நிற்கிற நல்ல தண்ணீரே காணும், ஒரு கிழமையில் பறக்கத் தொடங்கிவிடும். வடிவாகப் பேச்சு வாங்கினேன்.

சும்மா ஒருவன் தம்பிக்கும் ஒன்று. எங்களுக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, மழை மட்டும்தான். அந்த நல்ல தண்ணீர் கீழே இருக்கிற உப்புத்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. நிலாவரைக் கிணறு பார்த்திருப்பீர்கள், மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. கண்டபடி இறைக்க இறைக்கக் கீழே இருப்பது மேலே வரும். என்னுடைய பிறந்த வீட்டுக் கிணறு இப்போது பல்லுத் தீட்டவும் ஏலாது.


சும்மா ஒருவன் | ஞாயிறு, மதியம் 1.00

சரி அக்கா, நான் எழுதினதை எடுக்கிறன். எங்கட பைப்பும் ஒழுகுது, அதுதான் உண்மை.


கொக்குவில்காரி | ஞாயிறு, இரவு 8.15

எல்லாருக்கும் நன்றி. இன்று முழுக்க இதே சோலி.

பிற்றர் ஐயா, பழைய வாஷர் இரண்டும் லாச்சிக்குள் இருந்தது. அப்பா எதையும் எறியாதவர் என்பதற்கு முதல் தடவையாகச் சந்தோசப்பட்டேன். இரண்டிலும் ஒரே கதை. முக்கால்வாசி வளையம் லேசாக, ஒரு பக்கம் ஆழமாக, நீங்கள் சொன்ன அதே நகக் கீறல் வெட்டு.

கேற் வால்வைப் பூட்டப் போனால் அது அசையவில்லை. கடைசியாக யார் தொட்டது என்று அப்பாவைக் கேட்டேன். "2004" என்றார். தேங்காய் எண்ணெய் விட்டு, கொஞ்சம் முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டித்தான் பூட்டினது. பைப்பைத் திறக்க, தண்ணீர் மெலிந்து நூலாகி, பிறகு காற்று ஒரு ஏப்பம் விட்டு நின்றது. சிங்கின் ஓட்டையில் துணி அடைத்தேன். போன தடவை நட் ஒன்று அதற்குள் விழுந்து, அப்பா கம்பி வளைத்து ஒரு பின்னேரம் முழுக்கத் தூண்டில் போட்டவர்.

அப்பா சாரத் துணியைச் சுற்றிப் பைப் ரெஞ்சால் உடலைப் பிடித்தார். நான் ஸ்பனர். அவருக்குக் கை நடுங்குகிறதே என்று பயந்தேன், ஆனால் ரெஞ்சைப் பிடித்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. தலை கழன்றது. பித்தளைத் துண்டு வரவில்லை, கீழே குந்திக்கொண்டிருந்தது.

ஃபோன் ரோர்ச்சில் பார்த்தேன். ஐயா, கேத்தலின் அடிதான். வளையத்தைச் சுற்றி மங்கல் வெள்ளை, ஒரு பக்கம் தடித்து முட்டைக் கோது மாதிரி. மூன்று தடவை திறந்திருக்கிறேன், மூன்று தடவையும் இதைப் பார்த்தேன், பித்தளை இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துப் பூட்டியிருக்கிறேன். அந்த வெள்ளைக்குப் பக்கத்தில் சுண்டுவிரலுக்கு ஒரு கீறல் தட்டுப்பட்டது. கண்ணுக்குத் தெரியவே இல்லை.

வினாகிரிப் பஞ்சு வைத்ததும் சோடாப் போத்தல் திறந்த மாதிரி ஒரு மெல்லிய சத்தம். அப்பா காதை வைத்துக் கேட்டார். முக்கால் மணித்தியாலம் கழித்துப் பஞ்சை எடுத்தால் சாம்பல் நிறச் சேறு. மிச்சத்தை ஈர்க்கால் நெருட வந்துவிட்டது. கீழே மஞ்சளாகப் பித்தளை. கீறலுக்குப் பென்சில் வித்தை. ஒரு பத்துச் சுற்றுக்கு ஒருக்கால் விரல் விட்டுப் பார்த்தேன். முழுக்கப் போகவில்லை, ஆனால் நகம் கொளுவவில்லை.

தூள் போகக் கேற் வால்வை ஒரு கணம் திறக்கும் பொறுப்பை அப்பாவிடம் கொடுத்தது என் பிழை. எண்ணெய் விட்டதில் அது இப்போது நன்றாகச் சுழலுது. ஒரு கணம் என்பது அவருடைய கணக்கில் ஐந்து. தண்ணீர் நேராக மேலே சீறி, நான் கவிழ்த்துப் பிடித்திருந்த கோப்பையைத் தட்டிவிட்டு, மேலே தட்டில் இருந்த மிளகாய்த்தூள் போத்தல் வரை போனது.

கைபிடியைத் திறந்து வைத்துத்தான் தலையை இறுக்கினேன். ஓம் ஐயா, முந்தி மூன்று தடவையும் பூட்டி வைத்துத்தான் இறுக்கினது. நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு விரலால் பூட்டினேன். நின்றது. ஐந்து மணியில் இருந்து ஒரு சொட்டு இல்லை. கொஞ்ச நேரத்தில் அப்பா அறையில் இருந்து, "என்ன, கரண்ட் போயிட்டுதா?" என்கிறார். வீடு அவ்வளவு அமைதி.

ஒரு புதுச் சிக்கல் மட்டும். பைப்பைத் திறந்திருக்கும்போது கைபிடிக்குக் கீழே, அந்தத் தண்டு வெளியே வருகிற இடத்தில் இருந்து கொஞ்சம் ஊறி வழியுது. பூட்டினால் நின்றுவிடும். நான் ஏதும் உடைத்துவிட்டேனா?


பழைய பிற்றர் | ஞாயிறு, இரவு 8.50

உடைக்கவில்லை. திறந்தால் மட்டும் கழுத்தில் வழிந்தால் அது வாஷரும் இல்லை, சீற்றும் இல்லை, கழுத்துக்குள் இருக்கிற அடைப்பு. கைபிடியைக் கழற்றினால் தண்டைச் சுற்றி ஒரு சின்ன நட் தெரியும். அதைக் கால் சுற்று மட்டும் வலப்பக்கம் இறுக்கிப் பாருங்கோ. கைபிடி பாரமாகிவிட்டால் கூடிப்போச்சு, கொஞ்சம் விடுங்கோ. அதற்கும் நிற்காவிட்டால் அந்த நட்டைக் கழற்றி, ரெப்லோன் ரேப்பைக் கயிறு மாதிரித் திரித்துத் தண்டைச் சுற்றி மூன்று நாலு சுற்று வைத்து, மேலே நட்டைப் பூட்டுங்கோ. நாங்கள் அந்தக் காலத்தில் கொழுப்புப் பூசின சணல் வைப்போம்.

கேற் வால்வை இனி இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் பூட்டித் திறவுங்கோ. இன்னொரு 20 வருடம் அப்படியே விடவேண்டாம்.

முட்டைக் கோது மாதிரிக் கல் என்று எழுதினீர்கள். அதைக் கையில் வைத்துப் பார்த்தீர்களோ தெரியாது. நான் பார்த்தால் எங்கள் பக்ரறி ஞாபகம்தான் வரும்.


கொக்குவில்காரி | திங்கள், காலை 6.40

கால் சுற்றிலேயே நின்றுவிட்டது. ரேப் தேவைப்படவில்லை.

கல் துண்டை அப்பா எறியவில்லை ஐயா. லாச்சிக்குள் வாஷர்களோடு வைத்திருக்கிறார். சாரக் கீலத்தையும் பைப்பில் இருந்து அவிழ்த்து மடித்து அதற்குள்ளேயே வைத்தார். குளியலறைப் பைப்பும் லேசாக ஊறுது என்று இன்று விடியத்தான் வாய் திறந்தார். அதுவும் 2004.